கழுவேலி எந்தக் கணக்கில் வருகிறது?

“தம்பி, நம்ம பக்கத்து ஏரியும் கழுவேலியும் செத்துப்போனா டெல்லி வாங்குற கடனுக்கு வட்டி ஏறுமாமே, நெசமா?” மரக்காணம் சாலையோரம் தர்பூசணி போடும் பெரியவர் ஒருவர் டீக்கடையில் கேட்டார். “ஏறும் மாமா, ஒரே ஏரியால ஏறாது. ஆனா ஏறுற வழி இங்கேருந்துதான் தொடங்குது” என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவர் தோட்டத்திலிருந்தே தொடங்குவோம். திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்துத் தர்பூசணி கோடை தொடங்கும்போது நெடுஞ்சாலை ஓரமெல்லாம் குவிந்து கிடக்கும். இந்தக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ விரிந்திருப்பது ஒரே ஒரு பகல்தான். காலையில் விரியும், பொழுது ஏற ஏற வாடிவிடும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்று தூக்கிக்கொண்டு போகாது. தேனீயோ வேறொரு பூச்சியோ ஆண் பூவில் புரண்டுவிட்டு அங்கே வந்து உட்கார வேண்டும். அதுவும் ஒரு தடவை வந்தால் போதாது. பல தடவை வந்தால்தான் விதை முழுதும் பிடித்துக் காய் ஒழுங்காகத் திரளும். வருகை குறைந்தால் காய் கோணிக்கொள்ளும், வியாபாரி ஒதுக்கிவிடுவார். வரவே இல்லையென்றால் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும்.

இந்தத் தோட்டத்துக்கான விதை, சொட்டுநீர்க் குழாய், உரம், கூலி எல்லாமே பெரும்பாலும் கடனில்தான் நடக்கிறது. கிசான் கடன் அட்டையில் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் நகைக்கடன். சொசைட்டியிலும் பேங்கிலும் கேட்பது சிட்டா, அடங்கல், ஆதார், பழைய பாக்கி விவரம். ஏரிக்கரையில் பூக்கிற மரம் நிற்கிறதா, வேலியோரப் புதரை அழித்துவிட்டீர்களா, காலையில் பூவுக்குப் பூச்சி வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததில் அந்த அதிகாரியின் தவறு ஒன்றும் இல்லை. படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. ஆனாலும் கடன் திரும்பி வருவது அந்தப் பூச்சியை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு தோட்டத்தில் காய் பிடிக்கவில்லை என்றால் அது ஒரு வீட்டுக் கஷ்டம், நகை ஏலத்துக்குப் போகும். ஒரு வட்டாரம் முழுவதும் விளைச்சல் போனால் சொசைட்டியில் பாக்கி நிற்கும், அது மத்தியக் கூட்டுறவு வங்கியின் கணக்கில் ஏறும், அங்கிருந்து அரசாங்கத்தின் தலையில் விழும். அப்படி விழுந்ததை நாம் பார்த்தும் இருக்கிறோம். நிவர், புரவிப் புயல்களும் 2021 ஜனவரியில் காலம் தவறிக் கொட்டிய மழையும் பயிரைக் கெடுத்த பிறகு, அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. கடன் தள்ளுபடி ஆனதே தவிர, அந்தத் தொகை மறைந்துவிடவில்லை. சொசைட்டிகளுக்கு அதைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு மாநில பட்ஜெட்டுக்குப் போனது. வயலில் நடப்பது நாட்டின் கடன் கணக்கைத் தொடுகிற பாதை இதுதான். தேனீ குறைந்தாலும், மண் உப்பேறினாலும், ஏரி தூர்ந்தாலும் நஷ்டம் இதே பாதையில்தான் மேலே போகும். புயல் ஒரே இரவில் செய்வதை இவை பத்து வருடம் எடுத்துக்கொண்டு செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிநாட்டு மத்திய வங்கிகள் சில இந்தப் பாதையை எதிர்த்திசையில் நடந்து பார்த்தன. வங்கியில் தொடங்கி, பணம் யாரிடம் போயிருக்கிறது, அவர் தொழில் இயற்கையின் எந்த வேலையை நம்பியிருக்கிறது என்று தேடிக்கொண்டு போனார்கள். நெதர்லாந்து மத்திய வங்கி 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்நாட்டு நிதி நிறுவனங்களின் முதலீடுகளில் ஆராயப்பட்டவற்றில் 36 சதவீதம், அதாவது 51,000 கோடி யூரோ, இயற்கை தரும் ஏதாவதொரு சேவையைப் பெருமளவு சார்ந்திருந்தது. மகரந்தச் சேர்க்கை, நிலத்தடி நீர், மண்ணைப் பிடித்து வைத்தல் எல்லாம் அந்தச் சேவைகளில் அடக்கம். பிரான்சின் மத்திய வங்கி அடுத்த ஆண்டு பங்குகளையும் கடன் பத்திரங்களையும் எடுத்துப் பார்த்தது. அங்கே 42 சதவீதம். உலக வங்கி 2021இல் வேறொரு கேள்வி கேட்டது. காட்டுப் பூச்சிகளின் மகரந்தச் சேர்க்கை, கடல் மீன்வளம், இயற்கைக் காடுகளின் மரம் ஆகிய மூன்றும் சரிந்தால் என்ன ஆகும்? 2030இல் உலக உற்பத்தி ஆண்டுக்கு 2.7 லட்சம் கோடி டாலர் குறையும் என்று விடை வந்தது. அந்தக் கணக்கைப் போட்ட காலத்தில் இந்தியாவின் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியே ஏறக்குறைய அவ்வளவுதான்.

“அது வெள்ளைக்காரன் கணக்கு, நமக்கெதுக்கு?” என்றார் மாமா. நியாயமான கேள்வி. ஆனால் இந்த அனுபவம் நம் தென்னார்க்காட்டு மண்ணுக்குப் புதிது கிடையாது. நூறு வருடத்துக்கு முன்பே மல்லாட்டையில் பட்டிருக்கிறோம்.

மல்லாட்டை, மணிலா என்று நாம் சொல்கிற நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் புன்செய் முழுக்க அது பரவியது. காரணம் இங்கே இல்லை, பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இருந்தது. அங்கே சோப்புக்கும் எண்ணெய்க்கும் கடலை வேண்டியிருந்தது, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை திறந்த பிறகு மூட்டைகள் நேரே துறைமுகத்துக்குப் போயின. வரகும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் காசுப் பயிர் ஏறியது. வியாபாரி விதைக்கு முன்பணம் கொடுத்தார், அறுவடையில் பிடித்துக்கொண்டார். ஒரே பயிர், ஒரே மாதிரி விதை, ஒரே சந்தை, அதன் மேல் கட்டிய கடன்.

1890களில் விளைச்சல் விழத் தொடங்கியது. திரும்பத் திரும்ப அதே விதையைப் போட்டதில் விதை நலிந்துபோனது, இலையில் டிக்கா புள்ளி நோயும் சேர்ந்துகொண்டது. பத்தாண்டு முடிவதற்குள் சென்னை மாகாணத்தில் கடலை போட்ட பரப்பு பெருமளவு சுருங்கியது, புதுச்சேரி ஏற்றுமதி தடுமாறியது. அதைத் தூக்கி நிறுத்தியது புதிய நிர்வாகமோ புதிய வரிச் சலுகையோ இல்லை. மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டுவந்த வேறொரு விதைதான். நோயைத் தாங்குகிற, நன்றாக விளைகிற ரகம் உலகத்தின் இன்னொரு மூலையில் உயிரோடு இருந்ததால் இங்கே பொருளாதாரம் மீண்டது. பல்லுயிர் வளம் என்ற சொல்லை யாராவது கூட்டங்களில் சொன்னால் எனக்கு யானையோ புலியோ நினைவுக்கு வருவதில்லை, இந்த மொரீஷியஸ் விதைதான் வருகிறது. அன்றைக்கு அந்த விதை எங்கேயும் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு பணம் கொட்டினாலும் வாங்கியிருக்க முடியாது.

அந்த அடிக்குப் பிறகுதான் அரசாங்கமே விதையைப் பராமரிக்கும் வேலையில் இறங்கியது. முதலில் பாலூரில், பிறகு திண்டிவனத்தில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகம் தென்னிந்தியா முழுக்கப் பல பத்தாண்டுகள் ஓடியது. பெயரில் உள்ள டி.எம்.வி. திண்டிவனம்தான். ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் பெருமைப்படலாம். ஒரு நாட்டின் எண்ணெய் வித்துப் பொருளாதாரம் நம் ஊர் வயலில் பிரித்தெடுத்த விதைமேல் நின்றிருக்கிறது.

வானூர்ப் பக்கம் இதே பாடம் மரத்தில் நடந்தது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு செம்மண் அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்தது. இந்தக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டை அங்கே மறுபடி எழுப்பியவர்கள் விதைக்காகத் தேடிப்போனது மிச்சமிருந்த கோயில் காடுகளை. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கிறதே, அந்த மாதிரிக் காடுகள். சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட சில ஏக்கர்கள் ஒரு பீடபூமிக்கே விதை கொடுக்கும் வங்கியாக இருந்திருக்கின்றன.

இனிக் கழுவேலிக்கு வருவோம். மாமாவின் கேள்வி அங்கேதான் நிற்கிறது.

வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது கழுவேலி. தீபகற்ப இந்தியாவின் பெரிய ஈரநிலங்களில் ஒன்று. மழைக்காலத்தில் மேட்டு ஊர்களின் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்து வருகிற நல்ல தண்ணீர் இதில் சேரும். மறுபக்கம் உப்புக்கல்லி ஓடை வழியாகவும் எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகவும் கடல் உள்ளே வரும். இரண்டும் கலந்து ஆறேழு மாதம் பெருநீராக நிற்கும், கோடையில் வற்றி வெடிக்கும். அந்த நல்ல தண்ணீர் நிற்கும் எடையால்தான் கடல்நீர் நிலத்துக்கடியில் கிணறுகளை நோக்கி வேகமாக வராமல் தாமதப்படுகிறது. முகத்துவாரத்தின் ஆழமில்லாத நீரில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்ந்து பிறகு கடலுக்குப் போகின்றன, குப்பத்து வலையில் விழுகின்றன. பக்கத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் மரக்காணம் உப்பளம். குளிர்காலத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் இறங்கும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இத்தனை வேலை செய்யும் கழுவேலி நாட்டின் எந்தக் கணக்கில் வருகிறது?

உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் வராது. அங்கே விற்றது, வாங்கியது, கூலி கொடுத்தது மட்டும்தான் ஏறும். கழுவேலியின் ஓரத்தை வளைத்து இறால் குட்டை வெட்டினால் ஜேசிபி வாடகை, தீவனம், இறால் விலை எல்லாம் வளர்ச்சியாகப் பதிவாகும். பத்து வருடம் கழித்து பக்கத்து ஊர்க் கிணறு உப்பாகி, குடிதண்ணீரை லாரியில் கொண்டுவந்தால் அந்த லாரிச் செலவும் வளர்ச்சிதான். இழந்த நல்ல தண்ணீர் எந்த வரியிலும் கழிக்கப்படாது. இந்தக் குறையை உலகம் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு முறையில், இயற்கை வளம் கரைவதை உற்பத்திச் செலவாகக் காட்டி, நிகர உற்பத்தியிலிருந்து கழிக்க வேண்டும். நல்ல மாற்றம். ஆனால் கனிமம், எண்ணெய், மரம், மீன் போல எடுத்து விற்கிற பொருளுக்குத்தான் அது சுலபமாகப் பொருந்தும். கடல்நீரைத் தடுத்து நிற்கிற வேலைக்கு விலைச் சீட்டு கிடையாது.

மத்திய அரசு மாநிலங்களுக்கு வரியைப் பிரித்துத் தரும் கணக்கிலாவது வருமா என்றால், அங்கேயும் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள். 14ஆவது நிதிக்குழு காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது. 15ஆவது நிதிக்குழு காடு, சூழலியல் என்ற தலைப்பில் அதை 10 சதவீதமாக உயர்த்தியது. காட்டை வைத்திருக்கும் மாநிலத்துக்கு அதனால் கூடுதல் பணம் போகிறது. உலகிலேயே இவ்வளவு பெரிய தொகையை இயற்கையின் பெயரில் பிரித்துத் தரும் ஏற்பாடுகள் குறைவு, இதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அதை அளந்தது அடர்ந்த காட்டின் பரப்பை வைத்து. கழுவேலியில் நாணலும் சேறும் திறந்த நீரும் உண்டு, அடர்ந்த காடு கிடையாது. ஆகவே அந்த 10 சதவீதத்தில் கழுவேலிக்காகத் தமிழ்நாட்டுக்கு ஒரு ரூபாயும் இல்லை. ஏரிகளை வெட்டி வாழ்ந்த நம் சமவெளி மாவட்டங்களுக்கு இது நியாயமாகப் படவில்லை. மரம் இருந்தால்தான் இயற்கை என்ற எண்ணம் மலைநாட்டுக்குச் சரி. இங்கே நீர்தான் இயற்கை.

ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடத் தென்பெண்ணை கரை புரண்டு விழுப்புரம் மாவட்டத்து ஊர்களை மூழ்கடித்தது, சென்னை–திருச்சி நெடுஞ்சாலை அரசூர் அருகே துண்டிக்கப்பட்டது. மாநிலத்தில் 2.11 லட்சம் ஹெக்டேர் விளைநிலம் நீரில் நின்றதாக அரசு மத்திய அரசுக்கு எழுதியது, உடனடியாக 2,000 கோடி கேட்டது. பேரிடர் நிதியிலிருந்து மத்திய அரசு விடுவித்தது 944.80 கோடி. தென்பெண்ணை வெள்ளத்துக்கும் கழுவேலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை, அது வேறு வடிநிலம். இவ்வளவு மழையை எந்த ஏரியும் முழுதாகத் தாங்காது என்பதும் உண்மை. ஆனால் ஆற்றில் மணல் சுரண்டப்பட்டு, ஓடை அடைபட்டு, ஏரி ஆக்கிரமிக்கப்பட்ட ஊரில் அதே மழை செய்யும் சேதம் கூடும். கூடுகிற அந்தப் பங்கு ஒவ்வொரு முறையும் நிவாரணமாக, சாலைச் செப்பனிடலாக பட்ஜெட்டிலிருந்து போகிறது. இயற்கை சும்மா செய்துகொடுத்த வேலைக்கு அரசு கடன் வாங்கிச் செலவு செய்கிறது.

இப்போது மாமாவின் வட்டிக் கேள்வி. நமக்கு சிபில் ஸ்கோர் இருப்பதைப் போல நாட்டுக்கும் தர மதிப்பீடு உண்டு. எஸ் அண்ட் பி, மூடிஸ், ஃபிட்ச் போன்ற நிறுவனங்கள் போடும் மதிப்பீடு அது. ஒரு படி இறங்கினால் நாடு வாங்கும் கடனுக்கு வட்டி கூடும், நாட்டுக்குக் கூடினால் அந்நாட்டு வங்கிக்கும் கம்பெனிக்கும் கூடும். பல ஆண்டுகள் முதலீட்டுத் தகுதியின் கடைசிப் படியிலேயே வைத்திருந்த இந்தியாவை எஸ் அண்ட் பி 2025 ஆகஸ்டில்தான் ஒரு படி ஏற்றியது. 2022இல் சில பொருளாதார அறிஞர்கள் உலக வங்கியின் அந்த மூன்று சரிவுகளையும் இந்த மதிப்பீட்டுக்குள் நுழைத்துப் பார்த்தார்கள். எஸ் அண்ட் பியில் நாடுகளின் மதிப்பீட்டுக்குத் தலைமை வகித்த மோரிட்ஸ் கிரேமரும் அவர்களில் ஒருவர். 26 நாடுகளில் பாதிக்கு மேல் தரம் இறங்கின. கூடுதல் வட்டி ஆண்டுக்கு 5,300 கோடி டாலர் வரை. இந்தியா சுமார் 4 படி இறங்கியது. ஒரு படி ஏற எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது நடக்கப் போகிறது என்ற ஆரூடம் கிடையாது. இயற்கை சரிந்தால் இப்படி ஆகும் என்ற கணக்கு. அதே சமயம் இன்றைய மதிப்பீடுகளில் அந்த ஆபத்து எண்ணப்படவில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது.

எண்ணாமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. மாட்டுக்கு வலிமருந்தாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. கழுகு போன இடத்தில் பிணம் அழுகி நீர் கெட்டது, நாய் பெருகியது, வெறிநோய் கூடியது. 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாக சுமார் 5 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்றும், இழப்பு ஆண்டுக்கு 6,940 கோடி டாலர் என்றும் ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024இல் கணக்கிட்டார்கள். கால்நடைக்கு அந்த மருந்தை அரசு 2006இல் தடை செய்தது. கழுகுகள் இன்னும் திரும்பவில்லை. கண்ணில் படாமல் கழுகுகள் செய்துகொண்டிருந்த துப்புரவுப் பணிக்கு எந்த நகராட்சியும் சம்பளம் கொடுத்ததில்லை, அதனால் அது நின்றபோது எந்தக் கணக்கரும் கவனிக்கவில்லை.

“அப்போ பேங்க்காரன் இதெல்லாம் கணக்கு பண்ண ஆரம்பிச்சா நல்லதுதானே?” என்று கேட்டார் மாமா. இங்கேதான் எனக்குக் கவலை இருக்கிறது. கணக்கு வந்துகொண்டிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்பு விதிகள் 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளன, பல்லுயிர்ப் பாதுகாப்புக்கும் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். பங்குச்சந்தையின் முதல் ஆயிரம் கம்பெனிகள் ஈரநிலம், சரணாலயம் பக்கத்தில் தங்கள் தொழில் இருந்தால் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்பது செபி விதி. பெரிய கம்பெனிக்கு இது அறிக்கையில் ஒரு பக்கம். ஆனால் இதே சிந்தனை அரைகுறையாகக் கீழே இறங்கினால், ‘கழுவேலி ஓரத்து நிலம், உப்பேறும் ஆபத்து உண்டு’ என்று மரக்காணத்துச் சிறு விவசாயிக்குக் கடன் மறுக்கப்படலாம், வட்டி கூட்டப்படலாம். ஈரநிலத்தைக் கெடுத்தவர் வேறு ஊரில் இருப்பார். அதை இத்தனை காலம் கெடாமல் பார்த்துக்கொண்டவருக்குத் தண்டனை விழும். சரணாலய அறிவிப்பிலும் அதே ஆபத்துதான். அங்கே மாடு மேய்த்தவர், தூண்டில் போட்டவர், உப்பளக் கூலி ஆகியோரின் வருமானம் எப்படி மாறுகிறது என்று யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் இந்த மாற்றத்துக்கு நியாயம் கிடைக்கும்.

நியாயமாகச் செய்ய முடியும் என்பதற்கு வடக்கே பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து வயலுக்கு உரமாவதை அந்த ஊர் விவசாயிகள் கண்கூடாகக் கண்டவர்கள். சிப்பாய்கள் வந்து பறவையைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு உரிமை எழுதி வாங்கினார்கள், 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். மேலிருந்து யாரும் வந்து சொல்லவில்லை. பறவை தங்கள் வரவுக் கணக்கில் இருக்கிறது என்று ஊரே தெரிந்து, அதை எழுத்தில் கேட்டு வாங்கியது.

விழுப்புரத்தில் இன்று அப்படிக் கேட்பதற்கு ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நபார்டு வங்கி ஆண்டுதோறும் கடன் வாய்ப்புத் திட்டம் தயாரிக்கிறது. எந்தப் பயிருக்கு, எத்தனை பம்புசெட்டுக்கு, எத்தனை மாட்டுக்கு எவ்வளவு கடன் போகலாம் என்று அதில் பக்கம் பக்கமாக இருக்கும். அதை வைத்துத்தான் வங்கிகள் மாவட்டக் கடன் இலக்கு வைக்கின்றன. வானூர், மரக்காணம் வட்டங்களுக்கான பக்கங்களில் கழுவேலியில் எந்த மாதம் வரை நல்ல தண்ணீர் நின்றது, சுற்றுக் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறியது என்ற இரண்டு அளவுகள் சேர வேண்டும். கலங்கலையும் ஓடையையும் திறந்துவைத்திருக்கும் ஊருக்குக் கடன் வட்டியில் சலுகை என்று ஒரு வரி சேர வேண்டும். அளவு எடுக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளே உப்பளவு மீட்டரை வைத்து மாதம் ஒரு நாள் எடுத்துவிடலாம். கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போட முடியுமா என்று மாமா கேட்டார். முடியும் என்றேன். தேதி விசாரித்துக்கொண்டு போனார்.